சாய்த்துப் பார்த்த தாள்

ஒரு ஊரிலே ஒரு துளசி இருந்தாள். ஊர் சின்ன காஞ்சிபுரம், அவளுக்கு வேலை தறிக்குப் பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றுவது. துளசிக்கு ஜீவிதா என்று மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு கையெழுத்து இருந்தது. வந்த வம்பெல்லாம் அந்தக் கையெழுத்தால் வந்ததுதான்.

"கோடு இருந்தா ஒழுங்கா எழுதுறாப்பா. கோட்டை எடுத்துட்டா பல்லி மாதிரி செவுத்து மேல ஏறிக்கினு போவுது."

கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்த டிடிபி கடை வேலாயுதம் தலையைத் தூக்கவில்லை. "அதுக்கு நான் என்னக்கா பண்றது?"

"பசங்க எழுதிப் பழகுற தாளெல்லாம் உன் கம்ப்யூட்டர்லதானே வருது?"

அங்கேதான் வருகிறது. ஜீவிதாவின் வகுப்பு டீச்சர் தேவிப்ரியா மிஸ் பென் டிரைவில் கொண்டுவந்த ஃபான்ட். எழுத்தோடு கோடும் சேர்ந்தே வரும். திரையில் ஒரு குமிழைத் தள்ளினால் கோடு கருக்கும், இழுத்தால் வெளுக்கும். இன்னொன்றைத் தள்ளினால் கோடுகளுக்கு நடுவே இடம் அகலும். ஜூன் மாதம் கோடு மை மாதிரி இருந்தது. தீபாவளிக்குச் சாம்பல். பொங்கல் கழிந்து வெறும் புகை.

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துல பெத்தவங்களை எல்லாம் கூப்பிட்டிருக்குது. கோடில்லாத தாள்ல எழுத வெச்சு மாட்டப் போறாங்களாம். ஜீவிதா தாள்ல மட்டும் லேசா ஒரு கோடு வையேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"எல்லாம் அடிச்சுக் குடுத்தாச்சுக்கா. இருந்தாலும் மிஸ் சொல்லாம நான் குமிழைத் தொடமாட்டேன். தப்பு."

"தப்பாம் தப்பு! போன மாசம் பத்தாவது ஃபெயிலான மாப்பிள்ளைக்கு பி.ஈ. போட்டு அடிச்சியே, அது?"

"அது பார்ட்டி சொன்னது," என்று சிரித்தான்.

துளசி நேரே பள்ளிக்கூட வாசலுக்குப் போய் மிஸ்ஸையே மடக்கினாள்.

மிஸ் ஸ்கூட்டியை அணைக்கக்கூட இல்லை. "ஒரு புள்ளைக்கு மட்டும்னா நான் எப்படிம்மா சரின்னு சொல்றது?"

"பொம்பளையா அது? கல்லு!" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வீடு வந்தாள்.

அவள் பயம் அவளுக்கு. போன வருஷம் இதே மாதிரி மாட்டியபோது கந்தன் என்கிற பையனின் தாளைச் சுற்றிப் பெரிய கூட்டம். 'தேரு அச்சு முறிஞ்சாப்ல இருக்குது' என்று யாரோ சொல்ல, விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாளைக்கு அந்த இடத்தில் ஜீவிதா நிற்கவேண்டுமா?

மறுநாள் வகுப்பறையில் குறுக்கே நூல் கட்டி, க்ளிப் போட்டு, தாள்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள். துளசி ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேடினாள்.

ஜீவிதாவின் எழுத்து நேராக நின்றது. ஒரு வரிகூட ஏறவில்லை, இறங்கவில்லை.

நம்ப முடியாமல் தாளை எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்தாள். நெய்த சேலையில் இழை விட்டிருக்கிறதா என்று தினம் பார்க்கிற பழக்கம். சாய்த்ததும் தெரிந்தது. மூச்சுப் பட்டால் அழிந்துவிடும்போல் ஒரு கோடு.

'வேலாயுதம்! வாய்தான் உனக்கு நீளம். மனசு தங்கம்டா.'

பூரித்துப்போய்ப் பக்கத்துத் தாளையும் சும்மா சாய்த்தாள். அதிலும் கோடு. அடுத்ததில், அதற்கடுத்ததில், கந்தன் தாளிலும் கோடு.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" பின்னால் தேவிப்ரியா மிஸ் நின்றிருந்தாள். "மத்தவங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். தறிக்காரங்க கண்ணு!"

"மிஸ்... எல்லாருக்குமா போட்டீங்க?"

"பசங்களுக்குத் தெரியும்மா. உங்க ஜீவிதாகூட வாயைத் தொறக்கலை பாருங்க."

"கோடு இல்லாமதான் எழுதணும்னு நீங்கதானே..."

"எழுதத்தான் போறாங்க. அவசரம் என்ன?" மிஸ் குரலைத் தாழ்த்தினாள். "இந்தக் கோடு பசங்களுக்காகப் போடலைம்மா. பாக்க வர்றவங்களுக்காகப் போட்டது. போன வருஷம் தேரு அச்சு முறிஞ்சாப்ல இருக்குதுன்னு யாரோ சொன்னாங்களே, அன்னிக்கு எல்லாரும் போன பிற்பாடு கந்தன் அந்தத் தாளை எடுத்து, சுருட்டி வாயில போட்டு மென்னுட்டான்."

மிஸ் வேறு பக்கம் போய்விட்டாள்.

அந்த யாரோ, துளசிதான்.

கூட்டம் கலைந்தது. கந்தனின் அம்மா காவேரி மட்டும் மகனின் தாள் முன்னால் அசையாமல் நின்றாள்.

"துளசி, இங்க வாயேன். இவன் எழுதினதாமே இது? எனக்கு நம்பிக்கையே வரலைம்மா. கோடு கீடு எதனா இருக்குதா? உன் கண்ணுக்குத் தெரியுமே, பாரேன்."

துளசி தாளை வாங்கினாள். ஜன்னலுக்கு எடுத்துப் போனாள். இப்படிச் சாய்த்தாள், அப்படிச் சாய்த்தாள்.

"ஒண்ணும் இல்லை காவேரி," என்றாள். "வெறும் தாள்."

தாளை க்ளிப்பில் திரும்ப மாட்டிவிட்டு, ஜீவிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.