பேரீச்சம்பழத்துக்குப் போகாத தோசைக்கல்

செல்லையாவுக்குச் சமையல் பழக ஆசை. மனைவி தன் தோசைக்கல்லைத் தொடவிடவில்லை. அதனால் புது இரும்புக்கல் ஒன்று வாங்கினார். ஊற்றிய தோசையெல்லாம் ஒட்டிப் பிய்ந்தது.

"நாளைக்கும் இப்படியே வந்தால் உன்னைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆணியில் தொங்கிய பழைய கல் சிரித்தது. "தோசை எங்கள் பரம்பரைக்குத்தான் வரும், தம்பி. அது பிறப்பிலேயே இருக்கவேண்டும்."

"உங்கள் முதல் தோசை எப்படி வந்தது, அண்ணே?" என்று புதுக்கல் கேட்டது.

பழைய கல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. பக்கத்தில் தொங்கிய தோசைத் திருப்பிக்குப் பொறுக்கவில்லை.

"பிய்ந்துதான் வந்தது. இவரைச் சுரண்டித்தான் என் முனை தேய்ந்தது. வெங்காயத்தில் எண்ணெய் தொட்டுத் தினமும் தேய்த்தார்கள். அதைக் குடித்துக் குடித்துப் பழகியவர்தான் இவர். பெரிய பரம்பரை."

மறுநாள் செல்லையா, மனைவி செய்வதுபோலவே அரை வெங்காயத்தால் எண்ணெய் தேய்த்தார். புதுக்கல் ஒரு சொட்டு விடாமல் குடித்தது. முதல் தோசை பிய்ந்தது. அடுத்ததும் பிய்ந்தது. "இன்னொன்று ஊற்றுங்கள்" என்று கல் சீறியது. அந்தத் தோசை ஓரம் கிளம்பி, முழுதாகத் திருப்பியின் மேல் ஏறியது.

பிறகொரு நாள் அந்த வீட்டுக்குப் புது ஆப்பச்சட்டி வந்தது. அது எதுவும் கேட்பதற்கு முன்பே செல்லையாவின் கல் சொன்னது: "எனக்கும் முதலில் பிய்ந்தது. பக்கத்தில் வா, எப்படியென்று சொல்கிறேன்."