குளிர்ந்த தரை

சுவிஸ் நாட்டின் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறை. எண்பத்தாறாம் ஆண்டுப் பனி சன்னலில் உருகி வழிகிறது. அந்த மதிய வெளிச்சத்தில், உரித்த கிழங்குத் தோலை ஒதுக்கிவிட்டுச் சூசைதாசன் வேதாகமத்தை விரிக்கிறான். நாளைக்கு அகதி விசாரணைக்குப் போகவேண்டிய குணசேகரம், றப்பர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்து அமர்கிறார். “தரை குளிருமண்ணை, போட்டுக்கொண்டிருங்கோ.” “சாமிப் புத்தகமடா, ஏலாது.” எரிகிற முட்செடிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிய மோசே, தனக்கு வாய் திக்கும், அரசனோடு எப்படிக் கதைப்பது என்று தயங்கும் இடத்தைச் சூசைதாசன் வாசிக்கிறான். “அதுக்குக் கடவுள் என்ன சொன்னவர்?” குணசேகரம் புத்தகத்தை நோக்கிச் சாய்கிறார். “தானும் கூட வாறன் எண்டவர்.” அவருடைய தோள்கள் மெல்ல இறங்குகின்றன. ஊரில் பத்து வருடம் இதே பகுதியைச் செருப்போடு நின்றே படிப்பித்த சூசைதாசன், குனிந்து தன் சப்பாத்து நாடாவை அவிழ்க்கிறான்.