பற்றரி இல்லாத மணிக்கூடு

"கெதியா அண்ணை! கிணத்துத் துலாச் சத்தம் நிண்டா அவர் குளிச்சு முடிச்சிட்டார் எண்டு அர்த்தம்."

கனகாம்பிகை அறை வாசலில் காவல் நின்றாள். உள்ளே அவளுடைய தமையன் பரமலிங்கம், அவள் கணவனின் மணிக்கூட்டைக் கவிழ்த்து வைத்துப் பேனாக்கத்தியால் பின்மூடியை நெம்பிக்கொண்டிருந்தான்.

"எப்பயடி நிண்டது?"

"முந்தநாள். இவருக்கு இன்னும் விளங்கேல்லை. ஆரும் நேரம் கேட்டா வெயிலைப் பாத்துத்தான் சொல்லுறார். மாமி கண்டாவெண்டா நான் துலைஞ்சன்."

ரோலெக்ஸ் கேட்டதே மாமிதான். கலியாணப் பேச்சுக்காலில் வீடு, காணி, நகை எல்லாம் ஒப்பேறிய பிறகு, "கப்பலிலை போற தமையன் மாப்பிள்ளைக்கு ஒரு ரோலெக்ஸ் கொண்டு வரமாட்டாரோ?" என்று அருமைநாயகி கேட்டுவிட்டார். கப்பல் குசினியில் கோப்பை கழுவுகிறவனின் சம்பளத்துக்கு ரோலெக்ஸின் வார்கூட வராது. பரமலிங்கம் பாங்கொக் நடைபாதையில் அச்சு அசலாக ஒன்று வாங்கிவந்து கட்டிவிட்டான். தாலியும் ஏறிவிட்டது.

அசல் ரோலெக்ஸ் கை ஆட ஆடத் தானாக ஓடும். இது பற்றரியில் ஓடுவது. சண்டைக்காலம்; பற்றரியோ குடாநாட்டுக்குள் கொண்டுவர அரசாங்கத் தடை. கரவெட்டியில் மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்றுபோக, அருமைநாயகிக்குத் தலைகால் தெரியவில்லை. "என்ரை பிள்ளையின்ரை மட்டும் நிக்காது. ஒறிஜினல் எண்டா அப்பிடித்தான்" என்று கோயிலடியெல்லாம் சொல்லித் திரிந்தார்.

"பொய்யெண்டு தெரிஞ்சா மாமி என்னைக் கொண்டுவந்து உங்கடை படலையிலை விட்டிட்டுத்தான் மற்ற வேலை பாப்பா. இவரும் தாய் கீறின கோட்டைத் தாண்டார்."

"வாயை மூடடி."

சாரத்தின் மடிப்பைப் பிரித்து, கிளாலிக் கடலால் ஒளித்துக் கொண்டுவந்த பற்றரியை எடுத்தான். போன வருட லீவிலும் இப்படித்தான். இந்த முறையும் அவன் வந்து இறங்கியதும் மச்சான் சண்முகநாதன் மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். நல்ல காலம், மனுசன் கிணற்றடிக்குப் போனால் இலேசில் திரும்பாது.

பற்றரி போட்டாயிற்று. முள் நகர்ந்தது. மூடிதான் சண்டித்தனம் பண்ணியது.

படலை கிறீச்சிட்டது.

"ஐயோ, மாமி!"

"பிள்ளை, தம்பி எங்கை?" என்றபடி அருமைநாயகி விறாந்தையில் ஏறினார். பரமலிங்கம் மூடியைப் பெருவிரலால் அமத்தினான்; அது பூட்டவில்லை.

"எணை அம்மா! கண்டுக்குட்டி கயித்தை அறுத்துக்கொண்டு ஓடுது. ஓடிப்போய்ப் பிடியணை!" கிணற்றடியிலிருந்து சண்முகநாதன் கத்தினான்.

காலடிச் சத்தம் பின்வளவுக்குத் திரும்பியது.

யன்னலில் நீர் சொட்டச் சொட்ட ஒரு தலை தெரிந்தது.

"கண்டுக்குட்டி கட்டின இடத்திலைதான் நிக்குது, அம்மா வரமுதல் மூடியைப் பூட்டும் மச்சான்" என்றான் சண்முகநாதன் மெதுவாக. "போன வருசத்தைப்போலை என்னை இரண்டுதரம் குளிக்க வைக்காதையும்!"