மலைப்பாம்புத் தோல்

எழுதிப் பழகாத நான் எழுதத் துணிந்ததைப் பெரியோர் பொறுத்தருள வேண்டுகிறேன். வில்லால் வாசிக்கும், இரண்டே தந்திகளையுடைய எர்ஹு என்னும் சீன வாத்தியம் ஒன்றை வாங்க, என் நாத்தனார் குமுதினியுடன் சென்றிருந்தேன். கற்கத் தொடங்குவோருக்கு ஏற்றவை என்று கடைக்காரர் லிம் இரண்டை எடுத்துவைத்தார். ஒன்றின் முகத்தில் செயற்கைத் தோல் போர்த்தியிருந்தது. மற்றதில் மலைப்பாம்பின் தோல்.

"உங்க ஆளுங்க பாம்புத் தோல் எடுக்க மாட்டாங்க லா," என்று மலாய்ப் பேச்சின் 'லா'வோடு முடித்து, அவர் முதலாவதை என் பக்கம் நகர்த்தினார். நான் இரண்டாவதை எடுத்தேன்.

"ஐயோ அண்ணி, தொடாதீங்க! பிள்ளை தங்கணும்னுதானே வெள்ளிக்கிழமை தவறாம பாம்புப் புத்துக்குப் பால் ஊத்துறீங்க? இதோட வந்தா அம்மா உங்கள வாசப்படி ஏத்த மாட்டாங்க."

"இத்தனை வருஷம் குடிச்ச பாலுக்குத் தோலையாவது தரட்டுமே, குமுது."

வில்லை இழுத்தேன். அபஸ்வரம் தெருவரை கேட்டது. குமுதினி காதைப் பொத்திக்கொண்டாள். இன்னும் அழுத்தி இழுத்தேன்.

இழந்தவை: கருவிலேயே கலைந்த மூன்று பிள்ளைகள், பதினோராண்டு வெள்ளிக்கிழமைகள், அன்று மாலை முதல் மாமியார் வீடு.