எபிசனுக்கு மட்டும்

கேமராவின் பக்கவாட்டில் மாட்டியிருந்த செல்ஃபோனில், பார்ப்பவர்கள் என்ற இடத்தில் பூஜ்யம் நின்றது.

கேமராவைத் தோளில் தாங்கியிருந்த சுபிதா, திரையை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

சிக்னல் பச்சையாகத்தான் எரிந்தது. படமும் ஓடியது. சவப்பெட்டியில் ஜான்ரோஸ் வெள்ளை வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாகப் படுத்திருப்பது திரையில் பளிச்சென்று தெரிந்தது. குவைத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டிய ஒரே ஆளைத்தான் காணோம்.

இந்த லைவ் ஊருக்காக அல்ல. லீவு கிடைக்காத மகன் எபிசனுக்கு மட்டும் போதும் என்று இறந்தவரின் மனைவி ராஜபாய் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காலையில் லிங்கை அவருடைய ஃபோனுக்குத்தான் சுபிதா அனுப்பினாள். மகனுக்குத் தானே அனுப்பிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

கோட்டாற்றில் லோக்கல் சேனல் நடத்தும் ததேயுஸிடம் பயிற்சிக்கு வந்தவள் சுபிதா. காலேஜில் விஸ்காம் படித்தபோது செய்தி வாசிப்பது, ஆவணப்படம் எடுப்பது என்று என்னென்னவோ கனவு. இங்கே வந்த பிறகுதான், சேனலுக்குச் சோறு போடுவது செய்தியல்ல, சாவும் கல்யாணமும் என்று தெரிந்தது. வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிற ஊரில் வேறென்ன ஓடும்.

ஒரு கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரம் பார்த்து ஒயரில் கால் தட்டி லைவை அணைத்த பெருமையும் அவளுக்கு உண்டு. மஸ்கட்டிலிருந்து மாப்பிள்ளையின் அண்ணன் கூப்பிட்டு ததேயுஸைத் திட்டிய திட்டு ஆபீஸ் முழுக்கக் கேட்டது.

அதற்குப் பிறகு யாரும் அவளிடம் கேமராவைத் தரவில்லை. கேபிள் சுருட்டினாள், ட்ரைபாட் சுமந்தாள். இன்றைக்குத் தக்கலையில் இன்னொரு சாவு விழுந்து, ஆள் போதாமல் போனதால்தான் கேமரா அவள் தோளுக்கு வந்தது.

“இத கட் ஆவாம முடிச்சிட்டா நீ நம்ம ஸ்டாஃப். கட் ஆச்சுன்னா சர்ட்டிஃபிக்கேட்ட வாங்கிட்டு வீட்டப் பாத்துப் போயிரு மக்கா,” என்று ததேயுஸ் சிரிக்காமல் சொல்லி அனுப்பியிருந்தார்.

வீடென்றால் தோவாளை. அங்கே அப்பா, நாகர்கோவில் ஜவுளிக்கடை ஒன்றில் ஏற்கெனவே அவளுக்காகச் சொல்லி வைத்துவிட்டார். சேலையை விரித்துப் போட்டு, வந்தவர்கள் வேண்டாமென்று போன பிறகு மடித்து வைக்கிற வேலை. காலம் முழுக்க நின்றுகொண்டே.

கூடாது. அது மட்டும் கூடாது.

ஒரு கையால் கேமராவைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் தன் ஃபோனில் ததேயுஸைக் கூப்பிட்டாள். அவர் எடுக்கவில்லை. நெட்டை மாற்றிப் பார்த்தாள். பூஜ்யம் அசையவில்லை.

போதகர் ஜெபத்தை முடித்து வேதப் புத்தகத்தை மூடினார். மழை கறுத்துக்கொண்டு வந்தது. கல்லறைத் தோட்டத்தில் குழி தயாராக இருந்தது. பெட்டியை மூட வேண்டியதுதான் பாக்கி. முற்றத்தில் நின்ற ஊர் மொத்தமும் சுபிதாவைத் திரும்பிப் பார்த்தது.

“மக்களே, எபிசன் பாக்கானா?” என்று அவளிடம் கேட்டார் ஜான்ரோஸின் தம்பி.

“பாக்காவ,” என்றாள் சுபிதா.

பொய் தானாக வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு நாக்கைக் கடித்து என்ன பயன்.

அந்த ஒரு வார்த்தைக்குக் கூட்டம் விலகி வழிவிட்டது. ராஜபாய் எழுந்து வந்தார். பெட்டிக்குள் குனிந்து கணவரின் நெற்றியில் கடைசி முத்தம் கொடுத்தார். பிறகு நிமிர்ந்து, கேமராவை நேராகப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

அப்பா கடைசிவரைக்கும் உன் பேரைத்தான் சொன்னார் என்றார். உன்மேல் அவருக்குக் கோபமே கிடையாது என்றார். அங்கே ஒற்றைக்கு உட்கார்ந்து அழாதே, வேளாவேளைக்குச் சாப்பிடு என்றார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள்.

சுபிதா துடித்துப் போனாள். இவ்வளவு பேச்சும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. பதிவை நாளைக்கு அனுப்பலாம்தான். பெட்டியை மூடிய பிறகு என்னத்தை அனுப்பி என்ன?

இப்போது உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால், பெற்ற தகப்பனின் முகத்தை ஒரு மகன் பார்க்காமலே போவான். ஜவுளிக்கடைச் சேலைகள் ஒவ்வொன்றாக அவள் கண்முன் வந்து விழுந்தன.

ராஜபாய் இன்னும் நெருங்கி வந்தார். பிள்ளையின் கன்னத்தைத் தடவுவதுபோல லென்ஸின் ஓரத்தைத் தடவினார்.

அதற்கு மேல் சுபிதாவால் தாங்க முடியவில்லை.

“அம்மா, லைவ்ல யாருமே இல்ல. அண்ணன் பாக்கல்ல. நான்தான் பொய் சொல்லிட்டேன்,” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. கண்ணீர் கன்னத்தில் வழிந்தது.

ராஜபாயின் முகம் மாறவில்லை. கேமரா சரிந்துவிடாதபடி சுபிதாவின் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

“எனக்குத் தெரியும் மக்கா. லிங்க அனுப்புகதுக்கு அவன் நம்பரே எங்கிட்ட இல்ல. நீ இத இறக்கிராத, சனங்க பாக்குதுல்லா.”

சுபிதா கண்ணைத் துடைக்கவில்லை. இரண்டு கையும் கேமராவில் இருந்தன. படம் ஆடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, முற்றம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்.

“அண்ணன் நல்லா பாத்துட்டாவ. பெட்டிய மூடச் சொல்லிட்டாவ.”