அடுக்குகளைப் பெருக்கியவள்

இணையவழி வகுப்பின் திரையில் கறுப்புக் கட்டங்கள் மட்டுமே இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மாணவியின் பெயர், ஒன்றிலும் முகமில்லை. பெருக்கும்போது அடிமானம் ஒரே எண்ணாயிருந்தால் அடுக்குகளைக் கூட்ட வேண்டும் என்று சொல்லிமுடித்த ஆசிரியை எஸ்தர், யாரேனும் கேட்கிறார்களா என்றறிய, பலகையில் வேண்டுமென்றே அடுக்குகளைப் பெருக்கி எழுதினாள்: 2³ × 2⁴ = 2¹². எவரும் மறுக்கவில்லை. அழிப்பானை எடுத்தபோது திரையிலிருந்து ஒரு சிரிப்பு எழுந்தது.

"மிஸ், எங்களைக் கூட்டச் சொல்லிட்டு நீங்களே பெருக்கிட்டீங்க! ஏழுதானே வரணும்?"

"யாரும்மா அது? இன்னொரு தடவை சொல்லு."

அதற்குள் மறுமுனையில் ஒலிவாங்கி அணைந்துவிட்டிருந்தது. எஸ்தர் விடையின் அடுக்கை ஏழாகத் திருத்தினாள். பிறகு அதனடியில் அடுத்த கணக்கை, யார் கண்ணுக்கும் தப்பாத பெரிய பிழையோடு, மெல்ல எழுதத் தொடங்கினாள்.