பட்டன் வெளிச்சம்

பிக்கப் வண்டியின் டேஷ்போர்டில் லூர்துராஜ் கொட்டியது அரை டம்ளர் டீதான். ஆனால் அது அக்கா அமலோற்பவம் போட்ட டீ. சர்க்கரையை அவள் அளந்து போடுகிற வழக்கம் இல்லை. மறுநாளே பட்டன் வரிசைக்கு எறும்பு வந்துவிட்டது.

துடைத்தான். ஊதினான். பனியனைக் கழற்றி அழுத்தித் துடைத்தான். வண்டி அக்கா புருஷன் ஆண்டனியுடையது. வாடகைக்கு நெல் மூட்டை ஏற்றித்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது. டீயைப் பற்றிச் சொல்லிவிட நினைத்தபோதெல்லாம் லூர்துவுக்கு எங்கிருந்தோ கொட்டாவி வந்தது.

இரண்டு நாள் கழித்து ஆண்டனியே கூப்பிட்டார்.

“மாப்ள, பட்டன்ல லைட்டு எரியல பாத்தியா? எது எதுக்குன்னு தடவ வேண்டியிருக்கு. பொழுது சாஞ்சா என்னால ஓட்ட முடியாது.”

டீ ஏதும் கொட்டினாயா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே ஒப்புக்கொண்டிருப்பான். சாவியைத்தான் நீட்டினார்.

“சாயங்கால நடையெல்லாம் நீயே பாத்துக்க.”

“சரி பண்ணிடலாமே மச்சான்?”

“சீசன் முடியட்டும், இரு.”

அறுவடையில் சாயங்காலம்தான் நடை அதிகம். மெஷின் வயலை விட்டு ஏறவே பொழுது சாய்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை போகும். பகலெல்லாம் கேபிள் கனெக்‌ஷன் வேலை, இருட்டினால் மச்சானுக்கு டிரைவர் என்று லூர்து தன் தண்டனையை வாய் திறக்காமல் அனுபவித்தான். ஆண்டனி பக்கத்து சீட்டில் ஜெபமாலை உருட்டிக்கொண்டு வந்தார். தான் ஓட்டுகிற லட்சணத்துக்காகத்தான் என்று லூர்து நம்பினான்.

“தம்பி பாவம், தூங்கி விழறான். ஒரு லைட்ட மாத்த உங்களுக்கு இம்புட்டு நாளா?” என்று அக்கா அவரைத் திட்டும்போது லூர்துவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் வண்டியைப் பாபநாசத்துக்கு விட்டான். டீ கொட்டிய கதையைக் கேட்டுவிட்டு எலக்ட்ரீஷியன் அப்சர் பேனலைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார்.

“பின்னாடி ஒயரு கழண்டு கெடக்கு, அவ்ளோதான். டீ உள்ள எறங்கவே இல்லியே.”

“நல்லாப் பாருங்க பாய். சக்கரை தூக்கலான டீ.”

“எறும்புக்கே ஏமாத்தம்தாங்க.”

அப்படியானால் பனியனால் அழுத்தித் துடைத்ததில்தான் ஒயர் கழன்றிருக்க வேண்டும். அந்தப் பாவத்தையும் லூர்து தன் பெயரிலேயே சேர்த்துக்கொண்டான்.

பொழுது சாயும் நேரம் மச்சான் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி லைட்டைப் போட்டான். பட்டன்கள் வரிசையாகச் சிவந்து எரிந்தன. வெளியே வந்த மச்சானுக்குப் பின்னால் அக்கா எட்டிப் பார்த்தாள்.

“அப்பாடா. ஏங்க, வலங்கைமான்ல வைக்கோல் லோடு ஒண்ணு நிக்குதுன்னீங்களே, இப்பவே போயி ஏத்திட்டு வந்துருங்க. தம்பி இன்னைக்காவது தூங்கட்டும்.”

சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். பாராட்டுவார் என்று நின்ற லூர்து மச்சான் முகத்தைப் பார்த்தான். கடன்காரனைக் கண்டது மாதிரி அவர் அந்தப் பட்டன்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“மச்சான், மன்னிச்சிருங்க. டீயக் கொட்டுனது நான்தான். தொடைக்கிறேன்னு ஒயரையும் நான்தான் கழட்டி...”

“ஒயரக் கழட்டுனது நானு.”

ஆண்டனி ஒருமுறை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அமலோற்பவம் அடுப்படியில் இருப்பது பாத்திரச் சத்தத்தில் கேட்டது. சாவியை எடுத்து லூர்துவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

“பொழுது சாஞ்சா எனக்கு ரோடு தெரியல மாப்ள.”